ஃபொலினா: மேக்ரோவும் இல்லை, வைரஸும் இல்லை, ஆனாலும்...

2022 மே 27 அன்று நவோ-செக் என்ற ஜப்பானிய ஆய்வுக் குழு ட்விட்டரில் ஒரு சின்னக் குறிப்பைப் போட்டது. சந்தேகமான ஃபைல்களைப் பல ஆன்டிவைரஸ்களால் ஒரே சமயத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில், பெலாரஸிலிருந்து யாரோ ஒரு வேர்ட் ஃபைலை ஏற்றியிருக்கிறார்கள். அது வெளி இணைப்பு ஒன்றின் மூலம் ஒரு வலைப்பக்கத்தை இழுக்கிறது. அந்தப் பக்கம் 'எம்எஸ்-எம்எஸ்டிடி' என்று தொடங்கும் முகவரி வழியாக, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரு கட்டளையை ஓட்டுகிறது. அவ்வளவுதான் செய்தி. பிரிட்டனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் போமான்ட் அந்த வார இறுதியில் அதைப் பிரித்துப் பார்த்து விரிவாக எழுதினார். அப்போது அந்தப் பாதுகாப்பு ஓட்டைக்குப் பெயரும் இல்லை, அதை அடைக்கும் பேட்சும் இல்லை. ஃபைலின் பெயர் 05-2022-0438. கடைசி நான்கு எண்கள் இத்தாலியில் ஃபொலினா என்ற சிற்றூரின் தொலைபேசிக் குறியீடு என்பதால் போமான்ட் அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார். மற்றபடி இத்தாலிக்கும் இந்தத் தாக்குதலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சந்தேகமான ஃபைலைத் திறக்கும் முன் சோதிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். சோதிப்பது என்றால் பெரும்பாலும் ஆன்டிவைரஸில் ஒரு ஸ்கேன். அதாவது 'உள்ளே வைரஸ் இருக்கிறதா?' என்ற கேள்வி. இந்த ஃபைலைப் பொறுத்தவரை அதற்கு நேர்மையான பதில், இல்லை. கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி: திறந்தவுடன் இது யாரைக் கூப்பிடுகிறது? அந்தக் கேள்வியோடு பார்த்திருந்தால், எந்த விலையுயர்ந்த மென்பொருளும் இல்லாமல், நோட்பேடிலேயே விஷயம் வெளிப்பட்டிருக்கும். இந்தச் சம்பவத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

ஃபைலுக்குள் இருந்தது என்ன

வேர்ட் 2007-இல் வந்த புதிய வடிவம் உண்மையில் ஒரு ஸிப். அதைப் பிரித்தால் எக்ஸ்எம்எல் ஃபைல்களும் படங்களும் ஃபோல்டர்களாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த ஃபைலின் பின்னொட்டு பழைய 'டாக்' என்று இருந்தாலும் உள்ளே இருந்தது புதிய ஸிப் அமைப்புதான். 'வேர்ட்' என்ற ஃபோல்டருக்குள் 'ரெல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள சிறிய ஃபைலில், இந்த ஆவணம் எந்தெந்தப் பாகங்களைச் சார்ந்திருக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கும்: எழுத்துரு அட்டவணை, ஸ்டைல், தீம், அமைப்புகள். சாதாரண ஆவணத்தில் இவை எல்லாமே அதே ஸிப்புக்குள் இருப்பவை.

ஃபொலினா ஃபைலில் ஒரு வரி மட்டும் வெளியே போனது. வகை 'ஓஎல்இ ஆப்ஜெக்ட்' (ஆவணத்துக்குள் பொருத்தும் வேறொரு ஃபைல்), இலக்கு முறை 'எக்ஸ்டர்னல்', இலக்கு ஒரு வலை முகவரி. டொமைன் பெயர் 'எக்ஸ்எம்எல்ஃபார்மேட்ஸ்' டாட் காம். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. எந்த வேர்ட் ஃபைலைப் பிரித்தாலும் 'ஓப்பன்எக்ஸ்எம்எல்ஃபார்மேட்ஸ்' டாட் ஆர்க் என்ற பெயர் பல இடங்களில் வரும். அது வெறும் அடையாளப் பெயர், வேர்ட் அங்கே எதையும் போய் எடுப்பதில்லை. தாக்கியவர்கள் அதோடு கண்ணில் ஒட்டிப்போகிற பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்ப்பவர் கடந்து போய்விடுவார் என்ற கணக்கு. டாட் ஆர்க் எங்கே, டாட் காம் எங்கே என்று பார்ப்பவருக்கு மட்டும் உறுத்தும்.

ஆவணம் திறந்ததும் வேர்ட் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கும். பக்கத்தில் பாதிக்கு மேல் வெறும் நிரப்பல், அர்த்தமில்லாத எழுத்துகள். பக்கம் 4,096 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் இந்த உத்தி வேலை செய்யாது என்பதை ஆய்வாளர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். அதற்குத்தான் அந்த நிரப்பல். அதன் பின்னால் ஒரே ஒரு உருப்படியான வரி: 'எம்எஸ்-எம்எஸ்டிடி' முகவரிக்குத் தாவு.

எம்எஸ்டிடி என்பது அப்போது விண்டோஸோடு வந்த மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் டயக்னாஸ்டிக் டூல். கணினியில் ஏதாவது கோளாறு என்றால் 'பிரச்சினையைக் கண்டறிகிறேன்' என்று ஓடுமே, அந்தச் சாதுவான கருவி. பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடுமா என்று பார்க்கும் பகுதியை அதில் அழைத்து, 'எந்த ஃபைலைச் சோதிக்க வேண்டும்' என்று கேட்கும் இடத்தில் ஃபைல் பாதைக்குப் பதிலாக ஒரு பவர்ஷெல் கட்டளையைச் செருகியிருந்தார்கள். கருவி அதைப் பாதையாக மதிப்பதற்கு முன் கட்டளையாக ஓட்டிவிட்டது.

அந்தக் கட்டளைதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி. முதல் வேலையாக எம்எஸ்டிடி சன்னலையே மூடுகிறது, பயனர் கவனிக்காமல் இருக்க. அப்புறம் தற்காலிக ஃபைல்களின் ஃபோல்டரில் 05-2022-0438 என்ற அதே பெயரில் ஒரு ரார் ஃபைல் (ஸிப் போன்ற சுருக்க ஃபைல்) இருக்கிறதா என்று தேடுகிறது. கிடைத்தால் அதன் நகலில் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் துண்டைத் தேடுகிறது. கேப் வகைச் சுருக்க ஃபைல்கள் எல்லாம் 'எம்எஸ்சிஎஃப்' என்று தொடங்கும். எந்த ஃபைலையும் வெறும் எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 குறியீட்டில் அது எப்படித் தெரியுமோ அந்தத் துண்டு. அதை விண்டோஸின் சர்ட்யூட்டில் கருவியால் மீட்டு, விரித்து, உள்ளிருந்து வரும் நிரலை ஓட்டுகிறது. பயன்படுத்திய கருவிகள் முழுக்க விண்டோஸோடு வந்தவை. வெளியிலிருந்து ஒரு நிரல்கூட இறக்கவில்லை.

என் வாசிப்பில் இது காட்டுவது இதுதான்: வேர்ட் ஃபைல் தனியாக அனுப்பப்படவில்லை. ரார் ஒன்றில் அதுவும் மாறுவேடமிட்ட நிரலும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். மெயிலிலிருந்து நேராக ரார் இணைப்பைத் திறப்பவரின் கணினியில் அது தற்காலிக ஃபோல்டரில்தான் போய் உட்காரும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். ஆக, வேர்ட் ஃபைலில் வெறும் இணைப்பு, வலைப்பக்கத்தில் வெறும் முகவரி, ராரில் வெறும் எழுத்துக் குவியல். மூன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் மூன்றும் அப்பாவிகள்.

தெரிந்தே தவறவிட்டது

மே 27-க்கு முன்பே இதை ஒருவர் மைக்ரோசாஃப்டிடம் கொண்டுபோயிருந்தார். ஷேடோ சேஸர் குரூப் என்ற குழுவைச் சேர்ந்த, கிரேஸிமேன் என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளர் ஏப்ரல் 12 அன்றே ஒரு மாதிரியோடு புகார் அனுப்பினார். அந்த மாதிரி ரஷ்ய வாசகர்களை நேர்காணலுக்கு அழைப்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. ஏப்ரல் 21 அன்று, இது பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்று சொல்லிப் புகார் மூடப்பட்டது. எம்எஸ்டிடி முகவரியைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்பது 2020-லேயே ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக மாணவரின் இளநிலை ஆய்வேட்டில் வந்திருந்தது.

மே 30 அன்று, பாதுகாப்பு ஓட்டைகளைப் பட்டியலிடும் சிவிஇ முறையில் இதற்கு சிவிஇ-2022-30190 என்ற எண் கொடுக்கப்பட்டது. தற்காலிக வழியாக, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்-எம்எஸ்டிடி என்ற பதிவை நகலெடுத்து வைத்துக்கொண்டு அழித்துவிடச் சொன்னார்கள். பேட்ச் ஜூன் 14 அன்று வந்தது. இடைப்பட்ட அந்த இரண்டு வாரம் உளவாளிகளுக்கும் கொள்ளையர்களுக்கும் திருவிழா. இந்தத் தேதிகளைப் பார்க்கும்போது, 'எல்லாம் அப்டேட் செய்து வைத்திருக்கிறேன், எனக்கு என்ன' என்பது ஏப்ரல் 12 முதல் ஜூன் 14 வரை எந்த மதிப்பும் இல்லாத பேச்சாக இருந்தது தெரியும்.

வழக்கமான சோதனைகள் என்ன சொல்லியிருக்கும்

மேக்ரோ சோதனையை முதலில் எடுத்துக்கொள்வோம். இருபது வருடங்களுக்கு மேலாக வேர்ட், எக்ஸெல் வழியே வந்த தொல்லைகளில் பெரும்பகுதி மேக்ரோ, அதாவது ஆவணத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் சிறு நிரல். இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோவை இயல்பாகவே தடுக்கப்போகிறோம் என்று 2022 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. 'மேக்ரோ இல்லாவிட்டால் கவலை இல்லை' என்ற எண்ணம் வலுப்பெற்றுக்கொண்டிருந்த நேரம். ஃபொலினா ஃபைலில் மேக்ரோ ஒரு வரிகூடக் கிடையாது. மேக்ரோவை மட்டும் தேடும் எந்தக் கருவியும் கையை விரித்திருக்கும்.

ஆன்டிவைரஸ்? மைக்ரோசாஃப்டின் சொந்த டிஃபென்டர் ஃபார் எண்ட்பாயின்ட்டே தாக்குதல் ஓடியதைக் கவனிக்கவில்லை என்று போமான்ட் அப்போது எழுதினார். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய உத்தியைக் கையெழுத்து அடிப்படையில், அதாவது ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, பிடிக்க முடியாது என்பது பழைய கதை. 2009-இல் தலாய் லாமாவின் அலுவலகத்தையும் திபெத்திய அமைப்புகளையும் உளவு பார்த்த கோஸ்ட்நெட் விவகாரம் வெளியானபோதும் இதையே பார்த்தோம். விடுதலை இயக்க அடையாளப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று வந்த வேர்ட் இணைப்பை, வைரஸ்டோட்டலில் அன்றிருந்த 34 ஆன்டிவைரஸ்களில் 11 மட்டுமே கண்டுகொண்டன.

ஹேஷ் தேடல் அடுத்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டின்படி ஒரு கைரேகை எடுக்கலாம். பவர்ஷெல்லில் ஒரே கட்டளை. அந்தக் கைரேகையை மட்டும் வைரஸ்டோட்டலில் தேடினால், ஃபைலை வெளியே அனுப்பாமலேயே வேறு யாராவது முன்பு பார்த்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். நல்ல முதல் படி. ஆனால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தால் பலர் அதைச் 'சுத்தம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பொருள் 'இதை இதுவரை யாரும் பார்க்கவில்லை' என்பது மட்டுமே. பத்திரிகையாளருக்கோ வழக்கறிஞருக்கோ குறிவைத்து அனுப்பும் ஃபைல் அவருக்கென்றே செய்யப்பட்டது. கைரேகையும் புதிதாகத்தான் இருக்கும்.

ஃபைலையே ஏற்றிப் பார்க்கலாம் என்றால் இன்னொரு சிக்கல். வைரஸ்டோட்டலில் ஏற்றும் ஃபைலைக் கட்டணச் சந்தாதாரர்களான ஆய்வு நிறுவனங்கள் இறக்கிப் பார்க்கலாம். ஃபொலினா வெளிப்பட்டதே அப்படித்தான், பெலாரஸில் யாரோ ஏற்றியதை ஜப்பானில் இன்னொருவர் பார்த்ததால். சம்பளப் பட்டியலோ மருத்துவ அறிக்கையோ அப்படி ஏற்றினால் அதே கதவு வழியாக அதுவும் போகும். சந்தேகப்பட்ட ஃபைல் கடைசியில் உண்மையான வாடிக்கையாளர் ஆவணமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஏற்றும் முன்பே யோசிக்க வேண்டும்.

சாண்ட்பாக்ஸ், அதாவது தனிமைப்படுத்திய கணினியில் ஃபைலைத் திறந்து நடத்தையைக் கவனிப்பது, இவற்றில் வலுவானது. வேர்டிலிருந்து எம்எஸ்டிடி பிறப்பதை அது காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் தூரத்து சர்வர் உயிரோடு இருந்து, சரியான பக்கத்தைக் கொடுக்க வேண்டும். சர்வர் காலையில் வெற்றுப் பக்கத்தையும் மாலையில் விஷத்தையும் கொடுத்தால், காலையில் சோதித்தவருக்குச் 'சுத்தம்' என்றுதான் வரும்.

நோட்பேடில் தெரிந்தது

இப்போது ஃபைலைப் பிரித்துப் பார்ப்பது. ஒரு நகல் எடுத்து, பின்னொட்டை ஸிப் என்று மாற்றி விரித்துக்கொள்ளுங்கள். வேர்டைத் திறக்கவே வேண்டாம். 'வேர்ட்' ஃபோல்டருக்குள் உள்ள 'ரெல்ஸ்' ஃபைல்களை நோட்பேடில் திறந்து, ஆங்கிலத்தில் எக்ஸ்டர்னல் என்ற சொல்லைத் தேடுங்கள். 'டாக்குமென்ட்' என்ற பெயரிலும் 'செட்டிங்ஸ்' என்ற பெயரிலும் இருப்பவை முக்கியம்.

கிடைத்தாலே ஆபத்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டுரையில் யாராவது சாதாரணமாக ஒரு வலை இணைப்பைக் கொடுத்திருந்தால் அதுவும் எக்ஸ்டர்னல் என்றுதான் பதிவாகும். அதன் வகை 'ஹைப்பர்லிங்க்'. யாராவது கிளிக் செய்தால் மட்டுமே போகும். வகை 'ஓஎல்இ ஆப்ஜெக்ட்' என்றோ 'அட்டாச்டு டெம்ப்ளேட்' என்றோ இருந்து, இலக்கு இணைய முகவரியாக இருந்தால் நிறுத்துங்கள். அவை ஆவணம் திறக்கும்போதே இழுக்கப்படுபவை. தலைமை அலுவலக சர்வரிலிருந்து டெம்ப்ளேட் எடுக்கும் நிறுவனங்கள் உண்டுதான், ஆனால் அங்கே முகவரி அந்த நிறுவனத்தின் சொந்தப் பெயரில் இருக்கும். 'இமேஜ்' வகை வெளியே சுட்டினால் அது உளவுப் படமாக இருக்கலாம். ஃபைலை எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து திறந்தீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும்.

கட்டளை வரிசையில் பழக்கமுள்ளவர்களுக்கு ஓஎல்இடூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது, பிலிப் லகாடெக் எழுதியது. அதிலுள்ள ஓஎல்இஆப்ஜ் கருவி இந்த வெளி இணைப்புகளைத் தானாகவே எடுத்துக் காட்டும். மேக்ரோவுக்கு அதே தொகுப்பில் ஓஎல்இவிபிஏ. டிடியர் ஸ்டீவன்ஸின் ஸிப்டம்ப், ஓஎல்இடம்ப் கருவிகளும் இந்த வேலைக்குப் பேர்போனவை.

பின்னொட்டை நம்பாதீர்கள், ப்ரிவ்யூவை அணையுங்கள்

ஃபொலினாவின் இரண்டாவது முகம் இன்னும் மோசம். இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலுக்கு விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்தும். அந்த முத்திரை இருந்தால் வேர்ட் அதைப் பாதுகாப்புப் பார்வையில், மேலே மஞ்சள் பட்டையோடு திறக்கும். 'எடிட்டிங்கை அனுமதி' பொத்தானை அழுத்தாதவரை ஃபொலினா ஓடாது. நல்ல கவசம்தான். ஆனால் அதே ஆவணத்தை ஆர்டிஎஃப் என்ற பழைய ஆவண வடிவத்தில் சேமித்து அனுப்பினால், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஃபைலைத் திறக்காமலேயே உள்ளடக்கத்தைக் காட்டும் ப்ரிவ்யூ பகுதி திறந்திருக்கும்போது ஃபைலை ஒரு முறை தேர்ந்தெடுத்தாலே போதும், தாக்குதல் ஓடிவிடும். இரட்டைக் கிளிக்கே தேவையில்லை. 'நான் திறக்கவே இல்லை' என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

முத்திரையும் எப்போதும் நிலைப்பதில்லை. சுருக்க ஃபைலை விரிக்கும் மென்பொருள் அதை உள்ளிருக்கும் ஃபைல்களுக்குக் கடத்த வேண்டும். உலகமெங்கும் பயன்படும் செவன்-ஸிப்பில் 2022 ஜூனில் வந்த 22.00 பதிப்பில்தான் அந்த வசதியே சேர்ந்தது, அதுவும் நாமாகப் போய் இயக்கினால்தான். மெயிலில் ரார், ஸிப் என்று கட்டி அனுப்புவதில் தாக்குபவர்களுக்கு இருக்கும் ஆர்வத்துக்கு இது ஒரு காரணம்.

ஆர்டிஎஃப் ஃபைலுக்கு 'டாக்' என்று பின்னொட்டுப் போட்டாலும் வேர்ட் உள்ளடக்கத்தைப் பார்த்து ஆர்டிஎஃப்பாகவே திறந்துகொள்ளும். அதனால் முதல் வேலையாக ஃபைலை நோட்பேடில் திறந்து, தொடக்க எழுத்துகளைப் பாருங்கள். பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் ஸிப் வகை, மேலே சொன்னபடி பிரிக்கலாம். நெளிவு அடைப்புக்குறி, சாய்கோடு, பிறகு ஆர்டிஎஃப் என்று வந்தால் அது ஆர்டிஎஃப், பிரிக்க முடியாது. அதற்கு ஓஎல்இடூல்ஸில் உள்ள ஆர்டிஎஃப்ஆப்ஜ் வேண்டும், அல்லது 'ஆப்ஜ்அப்டேட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடிப் பார்க்கலாம். பொருத்திய ஆப்ஜெக்டைத் திறக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லும் கட்டளை அது. சாதாரணக் கடிதத்தில் அதற்கு வேலையே இல்லை. இரண்டும் இல்லாமல் விசித்திர எழுத்துகள் வந்தால், 2007-க்கு முந்தைய பழைய வடிவமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே மேக்ரோவைத் தேட வேண்டும்.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போது எக்ஸ்ப்ளோரரின் ப்ரிவ்யூ பகுதி அணைந்திருக்கட்டும். சோதிக்கிறேன் என்று போய் மாட்டிக்கொள்வதற்கு ஆர்டிஎஃப் மிக வசதியான வழி.

யாருக்கு அனுப்பினார்கள்

மே கடைசியிலேயே, சீனாவோடு தொடர்புபடுத்தப்படும் டிஏ413 என்ற குழு ஃபொலினாவைத் திபெத்தியர்கள் மீது பயன்படுத்துவதை ப்ரூஃப்பாயின்ட் நிறுவனம் கண்டது. தர்மசாலாவிலுள்ள மத்திய திபெத்திய நிர்வாகத்தின் பெண்கள் மேம்பாட்டுப் பிரிவு அனுப்பியதுபோல் பாவனை. ஸிப்புக்குள் வேர்ட் ஃபைல். ஜூனில் உக்ரைன் அரசின் கணினி அவசரநிலைக் குழுவான சிஇஆர்டி-யுஏ, அணு பயங்கரவாதம் பற்றிய கட்டுரை என்ற பெயரில் ஒரு ஆர்டிஎஃப் சுற்றுவதாக எச்சரித்தது. ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புபடுத்தப்படும் ஏபிடி28 குழுவின் வேலை என்றது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் திருடுவதுதான் அதன் நோக்கம். ஜூன் மாதத்திலேயே, வங்கித் தகவல்களைத் திருடும் க்வாக்பாட் நிரலைப் பரப்பும் கும்பலும் இதை எடுத்துக்கொண்டது. விஷயம் வெளியானபின் உளவுக்காரர்கள் கையிலிருந்து சாதாரணத் திருடர்கள் கைக்கு வர இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

இப்படிக் குறிவைக்கப்படும் இடங்களில், தெரியாதவர் அனுப்பும் ஆவணத்தைத் திறக்காதே என்ற அறிவுரை பயன்படாது. செய்தியாளருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் வேலையே தெரியாதவர்கள் அனுப்புவதைப் படிப்பதுதான். அவர்களுக்கு டேஞ்சர்ஸோன் என்ற இலவசக் கருவியை நான் சிபாரிசு செய்வேன். ஃப்ரீடம் ஆஃப் தி ப்ரெஸ் ஃபவுண்டேஷன் அதைப் பராமரிக்கிறது. ஆவணத்தை இணையத் தொடர்பில்லாத ஒரு தனி அறையில் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் புள்ளிப் படமாக்கி, அந்தப் படங்களிலிருந்து புதிய பிடிஎஃப் ஒன்றைச் செய்து கொடுக்கும். இணைப்பு, மேக்ரோ, ஆப்ஜெக்ட் எதுவும் அந்த வழியில் பிழைத்து வராது. உள்ளே என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கும் அவசியமே இல்லை என்பதுதான் அதன் அழகு. ரகசியம் இல்லாத ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றி பிரவுசரில் பார்ப்பதும் ஏறத்தாழ இதே பலனைத் தரும். ஆவணத்தைத் திறப்பது கூகுளின் சர்வர், உங்கள் வேர்ட் அல்ல.

பேட்சுக்குப் பிறகும்

ஜூன் 14 பேட்ச், எம்எஸ்டிடிக்குள் பவர்ஷெல் கட்டளை செருகப்படுவதை நிறுத்தியது. ஆவணம் தானாகவே வெளியே போய் ஒரு பக்கத்தை இழுத்து வருவதை அது நிறுத்தவில்லை. எம்எஸ்டிடியைப் படிப்படியாக விலக்கப்போவதாக 2023-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

அதே 2023 ஜூலையில், லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் நேட்டோ மாநாடு நடக்கும் சமயத்தில், உக்ரைனை நேட்டோவில் சேர்க்கக் கோரும் பிரச்சாரக் குறிப்பு என்ற பெயரில் ஒரு வேர்ட் ஃபைல் வந்தது. ரோம்காம் என்ற தாக்குதல் குழுவின் வேலை. அதன் சங்கிலியில் சிவிஇ-2023-36884 என்ற புதிய ஓட்டை ஒன்று இருந்தது. பழைய ஃபொலினாவையும் அதில் முயன்றிருப்பதாக பிளாக்பெரி ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த முறை ஸிப்பைப் பிரித்தால் உள்ளே முழுதாக ஓர் ஆர்டிஎஃப் ஃபைல் செருகப்பட்டிருந்தது. வெளியே போகும் முகவரிகள் அந்த ஆர்டிஎஃப்புக்குள் இருந்தன. ரெல்ஸ் ஃபைலில் அது உள்ளிருக்கும் ஒரு பாகமாகத்தான் பதிவாகியிருந்தது. எனவே ஸிப்பைப் பிரிக்கும்போது எக்ஸ்டர்னல் என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், 'வேர்ட்' ஃபோல்டருக்குள் 'ஆர்டிஎஃப்', 'பின்' (ஆங்கிலத்தில் பி-ஐ-என்) என்ற பின்னொட்டுகளில் ஏதாவது கிடக்கிறதா என்றும் பார்த்து, கிடைத்ததை ஆர்டிஎஃப்ஆப்ஜ், ஓஎல்இஆப்ஜ் கருவிகளிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.